கேட்டது வராத கடை

எர்ஃபுர்ட்,
பிப்ரவரி 9

அன்புள்ள ரீக்கே,

நவம்பரில் செய்துகொண்ட பரிசோதனையின் முடிவு நல்லபடியாக வந்துவிட்டது என்று உன் குறிப்பில் எழுதியிருந்தாய். படித்ததும் பெருமூச்சு விட்டேன். இந்தக் கடிதத்தில் இனி வரப்போகிற எதுவும் அந்த நிம்மதியைப் பொய்யாக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

இங்கே இன்னும் பனி விடவில்லை. டிராம் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். பாலத்தடியில் இருக்கும் என் கம்பளி நூல் கடைக்கு வருகிறவர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது; அதனால் பாதிப் பேர் வருவதில்லை. முழங்கால் வலி முன்போலத்தான். படி ஏறும்போது ஒன்றும் சொல்வதில்லை, இறங்கும்போதுதான் முனகுகிறது.

செவ்வாய்க்கிழமை உன் புத்தகம் வந்து சேர்ந்தது. பன்னிரண்டு நகரங்கள், எங்கே சாப்பிடலாம், எங்கே வாங்கலாம், மாலையில் எங்கே போகலாம். அட்டை அழகாக இருக்கிறது. உள்ளே வெளியீட்டு விழா அழைப்பிதழ். முதல் வரிசையில் எனக்கு இடம் வைத்திருப்பதாகவும், விழா முடிந்ததும் துறைமுகத்துப் பக்கம் எந்தக் கடையில் மீன் சாப்பிடப் போகிறோம் என்றும் எழுதியிருந்தாய். கீழே, “ஏன்டி பதிலே போட மாட்டேங்கிற? இன்னும் கோபம் போகலையா?” என்று ஒரு வரி.

அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது அதிலேயே கரைந்துவிடும். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நீ சொன்ன விதம் அச்சாகிவிட்டது. நடந்த விதம் இந்த ஒரு தாளிலாவது இருக்கட்டும்.

போன மே மாதம் நீ இங்கே வந்தபோது உன் வீட்டுக்காரர் டெட்லெஃப் உன்னை விட்டுப் போய் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ரயிலிலிருந்து இறங்கிய உன்னைப் பார்த்து எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை, அவ்வளவு மெலிந்திருந்தாய். மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டு உன்னோடு சுற்றினேன். கடுகு விழுது அரைத்து விற்கும் கடையைக் காட்டினேன். நீலச் சாயத் துணி விற்கிறவளிடம் கூட்டிப்போனேன். பழைய மதுக்கிடங்கில் ஜாஸ் வாசிக்கிறார்களே, அங்கே உனக்காக நின்றுகொண்டே இரண்டு மணி நேரம் கேட்டேன். அத்தனையையும் நீ எழுதினாய். அது உன் வேலை. அதற்காக நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சொல்லப்போனால், நீலத் துணிக்காரி என்னைப் பார்க்கும்போதெல்லாம் உன்னை வாழ்த்துகிறாள்.

வியாழக்கிழமை மத்தியானம் நீதான் கேட்டாய். “ஊருக்குக் காட்டுற இடமெல்லாம் காட்டிட்ட. நீ யாரையும் கூட்டிட்டுப் போகாத இடம் ஒண்ணு இருக்குமே, அங்க கூட்டிட்டுப் போடி. எழுத இல்ல. எனக்காக.”

எனக்காக என்று நீ சொன்னதால்தான் லோதருக்குப் போன் செய்தேன். அவர் முதலில் உன் பெயரைக் கேட்டுக்கொண்டார். பிறகு, “உன் சிநேகிதின்னா நம்ம வீட்டுப் பிள்ளைதான். கூட்டிட்டு வா. ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கூட்டிட்டு வா” என்றார்.

சொன்னேன். டிராமை விட்டு இறங்கி ஆற்றோரமாக நடந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். லோதரும் அவர் மனைவி மார்லீஸும் முப்பது வருடத்துக்கு மேலாக ‘மூன்று வாத்து’ கடையை நடத்துகிறார்கள். அவர் சமையல், அவள் பரிமாறல். மூன்று வருடமாக அவளுக்கு நினைவு கழன்றுகொண்டிருக்கிறது. வீட்டில் உட்கார வைத்தால் சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தட்டைக் கையில் கொடுத்தால் மட்டும் பழைய மார்லீஸ் ஆகிவிடுகிறாள், நடை, சிரிப்பு, கேலி எல்லாம் திரும்பிவிடுகிறது. அதனால் கடைக்கு வருகிற நாங்கள் கொஞ்சம் பேர் யாரும் சொல்லாமலே ஒரு வழக்கத்துக்கு வந்துவிட்டோம். அவள் எதை வைத்தாலும் அதைத்தான் கேட்டோம். எந்தப் பெயரால் கூப்பிட்டாலும் அதுதான் எங்கள் பெயர். என்னை அவள் ஹன்னா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், இறந்துபோன அவள் அக்காவின் பெயர். எனக்கு அது பழகிவிட்டது, பிடித்தும் போய்விட்டது.

“இது வெளியே போகக் கூடாது ரீக்கே” என்றேன். நீ நடுத்தெருவில் நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “என் வாயிலிருந்து ஒரு சொல் வராது” என்றாய்.

உண்மைதான். உன் வாயிலிருந்து வரவில்லை.

அன்றைக்கு நீ எவ்வளவு நன்றாக நடந்துகொண்டாய் என்பதுதான் என்னை இன்றுவரை குழப்புகிறது. நீ மெனு அட்டையைப் பிரித்ததும், டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற எங்கள் எக்கார்ட் உன் பக்கம் சாய்ந்து, “அம்மணி, அது விசிறிக்கிறதுக்கு வெச்சிருக்கோம்” என்றான். நீ ஆற்று மீன் கேட்டாய். மார்லீஸ் சூப் கொண்டுவந்தாள். அது முடிவதற்குள் இன்னொரு சூப். அப்புறம் செர்ரி கேக். கேக்குக்குப் பிறகு உருளைக்கிழங்கு உருண்டையும் சிவப்பு முட்டைக்கோஸும். நீ ஒவ்வொன்றுக்கும், “இதைத்தான் மனசுல நினைச்சேன், எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” என்றாய். மார்லீஸுக்குப் பெருமை தாங்கவில்லை. உன் கன்னத்தைத் தட்டி, “டீச்சரம்மா, நீங்க இளைச்சுப் போயிருக்கீங்க. உங்க வீட்டுக்காரரை வரச்சொல்லுங்க, நான் ரெண்டு வார்த்தை கேக்குறேன்” என்றாள். நீ அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாய். அவள் காரணம் கேட்கவே இல்லை. உன் தலையைத் தடவிக்கொண்டு அப்படியே நின்றாள். மற்ற மேசைக்காரர்களும் தங்கள் தட்டுக்காகக் காத்திருந்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை.

அந்தக் கைதான் ரீக்கே. அந்தக் கையைத்தான் நீ படமெடுத்துப் பத்திரிகையில் போட்டாய்.

செப்டம்பரில் கட்டுரை வந்தது எனக்குத் தெரியாது. நீ சொல்லவும் இல்லை. வியாழக்கிழமை வழக்கம்போலப் போனால், எங்கள் மேசையில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். வாசல் வரைக்கும் கூட்டம். மார்லீஸ் முகமெல்லாம் சிரிப்பு. “பார்த்தியா ஹன்னா, கடை பழையபடி நிறையுது!” என்றாள். எனக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன். ஒரு மேசையில் மீன் கேட்டவர்களுக்குக் குழம்பு வந்ததும் நாலு பேரும் கைதட்டினார்கள். இன்னொருத்தி கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இன்னொரு தடவை கேளு, இன்னொரு தடவை கேளு” என்று கூட வந்தவனை இடித்தாள். மார்லீஸும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள், தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல்.

எக்கார்ட் எழுந்து அந்தப் பெண்ணிடம், “அந்தக் கைபேசியைக் கீழ வை தாயி. இது சர்க்கஸ் இல்ல, சாப்பாட்டுக் கடை” என்றான். அவள் கேட்கவில்லை. லோதர் அடுப்பங்கரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையில் கரண்டி. வெளியே வந்து ஏதாவது சொன்னால் மார்லீஸுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டாலும் எப்போதாவது தெரிந்துவிடும். அந்த மனுஷன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று உனக்கு எழுத மாட்டேன்.

அடுத்த வியாழக்கிழமைதான் அது நடந்தது. முன்மாலை நேரம், விளக்குகூட ஏற்றவில்லை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி. கெட்டவர்கள் இல்லை, நல்ல மரியாதையான ஆட்கள். அவர் ஆற்று மீன் கேட்டார். பார், அன்றைக்கென்று மார்லீஸ் மீனையே கொண்டுவந்து வைத்துவிட்டாள். அந்த மனுஷனுக்கு ஏமாற்றம். சிரித்துக்கொண்டே, “அம்மா, தப்பா கொண்டு வாங்க. அதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கோம்” என்றார்.

“என்ன தப்பு?” என்றாள் மார்லீஸ்.

அவர் பையிலிருந்து பத்திரிகைப் பக்கத்தை எடுத்து ஆசையோடு அவள் கையில் கொடுத்தார். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் கொடுத்தார். மார்லீஸுக்குப் படிப்பு மட்டும் இன்னும் மறக்கவில்லை, உனக்குத் தெரியுமே. கையில் எது கிடைத்தாலும் வாய்விட்டுப் படிப்பாள். நின்றபடியே முழுவதையும் படித்தாள். ‘கேட்டது வராத கடை’ என்ற தலைப்பு. ‘அன்பான தடுமாற்றம்’ என்று நீ எழுதிய இடம். ‘வழக்கமாக வருகிறவர்கள் இந்த விளையாட்டை முகம் மாறாமல் ஆடுகிறார்கள்’ என்று நீ எழுதிய இடம். எல்லாவற்றையும், கணீரென்று, ஒரு எழுத்து பிசகாமல்.

தாளை மேசைமேல் வைத்தாள். அவள் எக்கார்டைப் பார்த்தாள். “இத்தனை நாளா நீ என்ன கேட்ட?”

“நீ கொடுத்ததைத்தான் கேட்டேன் மார்லீஸ்.”

“பொய் சொல்லாத. என்ன கேட்ட?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு, “ஈரல்” என்றான். அறுபத்தொன்பது வயது ஆள், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். “ஹைட்ருன், நீ?”

ஒன்றரை வருடமாக என்னை ஹன்னா என்று கூப்பிட்டவள், அன்றைக்குச் சரியாகக் கூப்பிட்டாள். “எல்லாரும் சேர்ந்து என்னை வெச்சு விளையாடினீங்களா? நான் வேலை பார்க்குறேன்னுல்ல நினைச்சுட்டு இருந்தேன்” என்றாள். ஏப்ரனைக் கழற்றி, மடித்து, ஜன்னல் வழியாக லோதர் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் கடைக்குள் கால் வைக்கவில்லை. நடந்தது என்ன என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. அது மறுநாளே மறந்துவிட்டது. ஆனால் படிக்கட்டு வரைக்கும் வருகிறாள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், “எனக்கு அங்க வேலை இல்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறாள். காரணம் போய்விட்டது, கூச்சம் மட்டும் தங்கிவிட்டது. அக்டோபர் கடைசியில் லோதர் கடையை மூடிவிட்டார்.

என்னிடம் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “உன் மேல ஒண்ணுமில்ல ஹைட்ருன்” என்றார். ஆனால் அதற்கு முன்னெல்லாம் நான் போனால் கேட்காமலே காபி வைப்பார். இப்போது, “காபி குடிக்கிறீங்களா?” என்று கேட்கிறார். அந்த ‘ங்க’ எனக்கு எவ்வளவு தூரம் என்று உனக்குப் புரியுமா?

அன்று மாலை கடையில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், ஏனென்றால் நானே சொன்னேன். அது நடந்த மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் உனக்குத்தான் போன் செய்தேன். திட்டுவதற்குத்தான் செய்தேன். பேச ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது. நாற்பது வருடப் பழக்கம். வேறு யாரிடம் அழுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீயும் அழுதாய். “தப்புப் பண்ணிட்டேன் ஹைடி. மனசைத் தொடுற மாதிரி ஒரு இடம் வேணும்னு எடிட்டர் கேட்டார். கை தானா எழுதிடுச்சு. இனிமே அந்தப் பேரை எடுக்க மாட்டேன்” என்றாய். நான் நம்பினேன். எக்கார்டிடம் உனக்காக வாதாடினேன். அவளுக்கு யோசனை கம்மி, மனசு நல்லது என்றேன். அவன், “யோசனை கம்மியா இருக்கிறவ இவ்வளவு அழகா எழுத மாட்டாளே” என்றான். அவனோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

அன்று போனில் அழுதுகொண்டிருந்தபோது இடையில் நீ ஒன்று கேட்டாய். “ஏப்ரனைச் சுருட்டிக் கொடுத்தாளா, மடிச்சுக் கொடுத்தாளா?” நான், “நாலா மடிச்சா ரீக்கே, மேசைத் துணி மடிக்கிற மாதிரி” என்றேன். பாவம், இவளுக்கும் மனம் கேட்காமல் அந்தக் காட்சியைக் கண்ணால் பார்க்க முயல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை எர்ஃபுர்ட் பகுதியைப் பிரித்தேன். கட்டுரை அப்படியே இருக்கிறது. அதற்குப் பின்னால் புதிதாக மூன்று பக்கம். ஸ்டுட்கார்ட்காரர், மீன், பத்திரிகைப் பக்கம், எக்கார்டின் ஈரல், ‘ஹைட்ருன், நீ?’ என்று அவள் என்னைக் கேட்டது, அதில் மட்டும் பெயரை மாற்றி ‘ஹை.’ என்று போட்டிருக்கிறாய். கடைசி வரியில், மேசைத் துணியைப் போல் நாலாக மடித்த ஏப்ரன்.

முதல் தடவை நீ வாக்குத் தவறினாய். அதை நான் அவசரம் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. இந்தத் தடவை நான் அழுதுகொண்டிருந்தபோது நீ குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாய். இதற்கு என்ன பெயர் சொல்லிக்கொள்வது என்று மூன்று நாளாகத் தேடுகிறேன்.

லோதரை எச்சரிக்கலாம் என்று மறுநாளே போனேன். உன் பொட்டலம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. ‘அன்புக்குரிய மார்லீஸுக்கும் லோதருக்கும், நன்றியுடன்’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறாய். லோதர் கடைவீதிக்குப் போயிருந்த நேரத்தில் தபால் வந்திருக்கிறது. மார்லீஸே வாங்கிப் பிரித்துவிட்டாள்.

நான் போனபோது அடுப்பங்கரை மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம். என்னைப் பார்த்ததும், “வாங்க, வாங்க, உக்காருங்க” என்றாள். நான் யார் என்று தெரியவில்லை. ஹன்னாகூட இல்லை. “இதைக் கேளுங்களேன்” என்று சொல்லி அந்த மூன்று பக்கத்தையும் எனக்குப் படித்துக் காட்டினாள். நான் கேட்டேன் ரீக்கே. உன் எழுத்தை அவள் குரலில் கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டேன்.

படித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாவம்ங்க இந்தப் பொம்பளை. சுத்தி இருந்தவங்க எல்லாம் இப்படியா பண்ணுவாங்க? நீங்க இந்த ஊர்தானே, இவளை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன்.

“இப்ப எப்படி இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கா. வீட்டுக்காரர் கூட இருக்கார்.”

“அதுவரைக்கும் நல்லது” என்றாள். பிறகு உன் பெயரை அட்டையில் விரலால் தடவிக்கொண்டே, “எழுதினவங்க எவ்வளவு நல்ல மனசுக்காரங்க பாருங்க. ஊரே சேர்ந்து அவளைக் கேலி பண்ணியிருக்கு, இவங்க ஒருத்தராவது அவளுக்காக அழுதிருக்காங்க. உங்களுக்கு விலாசம் தெரிஞ்சா ஒரு கடுதாசி போடுங்க. மார்லீஸ்னு ஒருத்தி நன்றி சொன்னான்னு எழுதுங்க” என்றாள்.

நான் மறுத்து என்ன சொல்வது? சரி என்றேன். லோதர் வந்து புத்தகத்தை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி அலமாரிக்கு மேலே வைத்தார். வாசல் வரைக்கும் என்னோடு வந்து, “விட்டா தினமும் படிப்பா. தினமும் அவளுக்கு அது புதுசா இருக்கும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். உன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

ஆக, நன்றி சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

விழாவுக்கு நான் வரவில்லை. முதல் வரிசை இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. எர்ஃபுர்ட் பகுதியைத்தான் அன்றைக்கு வாசிக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். வாசிக்காதே என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்டாலும் நீ சரி என்பாய், நான் அதை நம்ப வேண்டியிருக்கும். அதனால் அதைக் கேட்கவில்லை. இது ஒன்றை மட்டும் கேட்கிறேன். வாசித்து முடித்ததும் யாராவது உன்னிடம் வந்து, அந்த ‘ஹை.’ யார், உங்கள் சிநேகிதியா என்று கேட்டால், கற்பனை என்று சொல்லிவிடு. அப்படி ஒருத்தி இல்லை என்று சொல்லிவிடு.

குளிர் இன்னும் போகவில்லை, அங்கே கடற்காற்று வேறு. மருந்தைத் தவறவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. உன் உடம்பு தேறி நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹைட்ருன் கெஸ்லர்